ஒரே மலை, இரண்டு உத்தியோகம்: சிறப்புப் படையில் ஜவானும் ஆபீசரும்

“பாரா எஸ்.எஃப்.ல சேரணும் அண்ணாச்சி, எங்க அப்ளை பண்ணணும்?” பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் விடியற்காலையில் ஓட்டம் பழகும் பையன்களிடம் பட்டாளத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பத்து நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். செல்போனில் வீடியோ பார்த்து வளர்ந்த ஆசைதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாரா எஸ்.எஃப். என்கிற, பாராசூட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த தரைப்படையின் சிறப்புப் படைக்கென்று வெளியிலிருந்து யாரும் நேரடியாக மனுப் போட முடியாது. முதலில் ராணுவத்தில் சேர வேண்டும், ஜவானாகவோ ஆபீசராகவோ. அதற்குப் பிறகுதான் “நான் வருகிறேன்” என்று தானாக முன்வந்து, சோதனைக் காலத்தைத் தாண்டி, அந்தப் பட்டாலியனுக்குள் நுழைய முடியும். ஆக, பாரா படையின் மெரூன் நிறத் தொப்பி கண்ணில் படுவதற்கு ரொம்ப முன்னாலேயே, பதினேழு பதினெட்டு வயதில், இன்னொரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் அந்த முடிவைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை, அது தானாகவே நடந்து முடிந்துவிடுகிறது.

எப்படி என்றால், இங்கே பட்டாளம் என்றாலே ஜவான்தான். நாங்குநேரி, வள்ளியூர், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கம் போனால் பல தெருக்களில் ஒரு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ இருக்கும்; அவர் நாயக், ஹவில்தார் என்கிற ஜவான் பதவிகளில் ஓய்வு பெற்றவராக இருப்பார், பெரும்பாலும் மதராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி. பையன்களுக்குத் தெரிந்த வழி அவர் போன வழி. திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது, எழுத்துத் தேர்வு எழுதுவது, அப்புறம் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முழு மதிப்பெண் வாங்குவது, பத்து புல்அப், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவது. இதற்காக உயிரைக் கொடுத்துப் பழகுகிறார்கள். அதே பையனிடம் “பிளஸ் டூ படிக்கும்போதே என்.டி.ஏ. எழுதினியா?” என்று, ஆபீசராவதற்கான தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வைப் பற்றிக் கேட்டால் முகத்தைப் பார்ப்பான். “ஆபீசரா? அதெல்லாம் இங்கிலீசு பேசுதவங்களுக்கு அண்ணாச்சி, நமக்கு ஒத்து வருமா” என்பான். விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது, 1990 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். அந்த உயரமான கம்பங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக்கூட, உள்ளே ஜீப்பில் போகிற ஆபீசர் எந்தப் பரீட்சை எழுதி அங்கே வந்தார் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. ஆபீசர் உசத்தி, ஜவான் தாழ்த்தி என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. சிறப்புப் படையைப் பொறுத்தவரை இவை இரண்டும் ஒரே ஏணியின் மேல்படி, கீழ்படி கிடையாது. இரண்டு வேறு வேறு வேலைகள், இரண்டு வேறு வேறு வாழ்க்கைகள். முப்பத்தைந்து வயதில் நீ எங்கே இருப்பாய், கையில் என்ன இருக்கும், யாரோடு இருப்பாய் என்பதெல்லாம் இந்த ஒரு தேர்விலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது. தெரிந்து தேர்ந்தெடுத்தால் எதுவானாலும் சரி. தெரியாமலேயே ஒரு பக்கம் தள்ளப்படுவதுதான் வருத்தமாக இருக்கிறது.

சரி, இரண்டு பேரும் ஒன்றாக நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அப்படி ஓர் இடம் உண்டு. அதுதான் புரொபேஷன் என்கிற சோதனைக் காலம். ஒவ்வொரு பாரா எஸ்.எஃப். பட்டாலியனும் தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே சோதித்து எடுக்கிறது. இதற்குச் சில மாதங்கள் ஆகும். ஆபீசரும் ஜவானும் ஒரே மண்ணில் புரண்டு ஒரே எடையைத் தூக்க வேண்டும். தூங்க விட மாட்டார்கள். சுமையோடு ஓட்டம், இரவில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு காட்டில் வழி கண்டுபிடிப்பது, சாப்பாடு வரும் வராது என்கிற நிலை, கடைசிக் கட்டத்தில் நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போகும் நடை ஓட்டம். நடத்துகிறவர்கள் ‘உஸ்தாத்’ என்று அழைக்கப்படும் பயிற்றுநர்கள், பெரும்பாலும் ஹவில்தார், நாயக் பதவியில் இருப்பவர்கள். வெளியே பார்த்தால் சல்யூட் அடிக்க வேண்டிய லெப்டினன்டை அந்தச் சில மாதங்களுக்கு ஒரு நாயக் சேற்றில் உருளச் சொல்லுவார், அவரும் உருளுவார். பெரும்பாலானவர்கள் பாதியிலேயே தத்தம் பழைய ரெஜிமென்ட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். தேறியவர்கள் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி முடித்து, இரவுக் குதிப்பு ஒன்றும் சேர்த்து ஐந்து முறை குதித்து, அந்தச் சிறகு முத்திரையை வாங்குவார்கள். ‘பலிதான்’ பட்டை சட்டையில் ஏறுவது எஸ்.எஃப். ஆன பிறகுதான்.

இந்த இடத்திலேயே ஒரு வித்தியாசம் தலைகாட்டிவிடும். ஜவானிடம் உஸ்தாத் பார்ப்பது, இவன் உடைந்து போவானா, கூட வருகிறவனை நடுவழியில் விட்டுவிடுவானா என்பதைத்தான். ஆபீசரிடம் அதையும் பார்ப்பார்கள், அதற்கு மேல் இன்னொன்றையும். இரண்டு நாள் தூங்காமல், முழங்கால் வீங்கி, நிற்கவே முடியாத நேரத்தில் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து “இந்த இலக்கை எப்படி அடிப்பாய், யோசித்துச் சொல்லு” என்பார்கள். உடம்பு ஓய்ந்த பிறகும் மூளை ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். அவன் சொல்லும் திட்டத்தில் நாளைக்குப் பத்துப் பேர் உயிர் தொங்கும், அதனால்தான்.

தேறி உள்ளே வந்த பிறகு பாதை பிரிய ஆரம்பிக்கிறது. ஒரு பட்டாலியனுக்குக் கர்னல் ஒருவர் தலைவர். அதற்குள் ‘டீம்’கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜர். டீமுக்குள் ‘ட்ரூப்’கள், அதற்கு ஒரு கேப்டன். ட்ரூப்புக்குள் ஐந்தாறு பேர் கொண்ட ஸ்குவாடுகள். உண்மையான வேலை நடப்பது இந்தச் சின்ன ஸ்குவாடில்தான், அதை நடத்துகிறவர் பல நேரம் ஒரு ஹவில்தார், அல்லது அவருக்கு மேலே ஆபீசருக்குக் கீழே இருக்கும் சுபேதார். ஸ்குவாடில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொழில் உண்டு. ஒருவர் வெடிமருந்து, ஒருவர் ரேடியோ, ஒருவர் மருத்துவம், ஒருவர் ஸ்னைப்பர் அல்லது கனரக ஆயுதம். போதாததற்கு, பக்கத்தில் இருப்பவனின் தொழிலும் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மருத்துவம் தெரிந்தவனுக்கே குண்டு பட்டால் இன்னொருவன் கட்டுப்போட வேண்டும்.

இந்தக் கைத்தொழில் ஒரு வருடத்தில் வந்துவிடாது. காட்டில் ஈரத்தில் கிடந்த வெடியைத் தொட்டுப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லவும், மைனஸ் இருபது டிகிரியில் ரேடியோ பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்காமலேயே கணக்குப் போடவும், எந்த மலை ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்று வரைபடம் இல்லாமல் சொல்லவும் பத்து வருடம் வேண்டும். ஜவானுக்கு அந்தப் பத்து வருடம் கிடைக்கிறது. அவர் அதே பட்டாலியனில், பல நேரம் அதே டீமில், பாராட்ரூப்பராக ஆரம்பித்து (இந்த ரெஜிமென்ட்டில் சிப்பாய்க்கு அதுதான் பெயர்) லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று மெதுவாக ஏறிக்கொண்டே அங்கேயே இருக்கிறார். ஆபீசர்கள் வருவார்கள், போவார்கள். பட்டாலியனின் நினைவு முழுக்க இவர்களிடம்தான் இருக்கிறது.

இளம் கேப்டனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வயது இருபத்தைந்து, ஆறு வருடம் முன்னால் இவரும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்தான். இப்போது இவருக்குக் கீழே இருக்கும் சுபேதாருக்குச் சர்வீஸே இருபது வருடத்துக்கு மேல். நம் ராணுவத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு: ஜவான்கள் ஆபீசரை ‘சாப்’ என்பார்கள், ஆபீசரும் சுபேதாரை ‘சாப்’ என்றுதான் கூப்பிடுவார். நல்ல கேப்டன், முதல் வருடம் முழுக்க அந்தச் சாப்பின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். ஆனால் ஓரிடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு “இப்படிப் போகலாம்” என்று அவர்தான் சொல்லியாக வேண்டும். அது சரியாகப் போனால் பெயர் எல்லோருக்கும், தப்பாகப் போனால் பதில் சொல்ல வேண்டியது அவர் ஒருவர்தான். ஆபீசர் வேலையின் சாரம் இதுதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், எதிலும் அந்த ஹவில்தார் அளவுக்குத் தேர்ந்தவராக இருக்க நேரம் கிடைக்காது, ஆனால் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

‘ஆபீசர் இல்லாமல் ஜவான் என்ன பண்ண முடியும்’ என்று நினைக்கிறவர்கள் 2020 ஏப்ரலில் காஷ்மீரின் கெரன் பகுதியில் நடந்ததைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்த ஐந்து தீவிரவாதிகளைத் தேடி 4 பாரா எஸ்.எஃப். ஆட்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். இடுப்பளவு பனி. தலைமை தாங்கியவர் சுபேதார் சஞ்சீவ் குமார், இமாச்சலப் பிரதேசத்துக்காரர். பனியில் பதிந்த காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது, காலுக்கடியில் கெட்டித் தரை என்று நினைத்தது உண்மையில் பாறை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த பனித்திட்டு, அது அப்படியே உடைந்து விழுந்தது. அவர்கள் விழுந்த இடம், தேடப்பட்ட தீவிரவாதிகள் பதுங்கியிருந்த ஓடைக்குப் பக்கத்திலேயே. பிறகு நடந்ததெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடந்த சண்டை. ஐந்து தீவிரவாதிகளும் செத்தார்கள். நம் பக்கம் சுபேதார் சஞ்சீவ் குமார், ஹவில்தார் தேவேந்திர சிங், பாராட்ரூப்பர்கள் பால் கிருஷன், அமித் குமார், சத்ரபால் சிங் என்று ஐந்து பேரும் போய்விட்டார்கள். சுபேதார் முதல் பாராட்ரூப்பர் வரைக்கும் இருந்த அந்த ஐவரில் ஆபீசர் யாரும் கிடையாது. அந்தப் பனியில் அந்த நிமிடத்தில் முடிவெடுத்தது சுபேதார். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா என்கிற வீர விருது வழங்கப்பட்டது.

வீரத்துக்குப் பதவி வித்தியாசம் கிடையாது என்பதற்கு, போர் இல்லாத காலத்தின் மிக உயர்ந்த வீர விருதான அசோக சக்ரா பட்டியலே சாட்சி. குப்வாராவின் ஹஃப்ருடா காட்டில் 2009 மார்ச்சில் உயிர் விட்ட 1 பாரா எஸ்.எஃப். மேஜர் மோஹித் சர்மாவுக்கும் அசோக சக்ரா, 2015 செப்டம்பரில் அதே குப்வாராவில் உயிர் விட்ட 9 பாரா எஸ்.எஃப். லான்ஸ் நாயக் மோகன் நாத் கோஸ்வாமிக்கும் அதே அசோக சக்ரா. 2008 மும்பைத் தாக்குதலில் என்.எஸ்.ஜி. கமாண்டோ படை இழந்த இருவரில் ஒருவர் மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், இன்னொருவர் ஹவில்தார் கஜேந்தர் சிங். இருவருக்கும் அசோக சக்ராதான். முதல் பெயர் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிகிறது, இரண்டாவது பெயர் தெரிவதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி காலக்கணக்கு. ஜவான், ஆபீசர் வித்தியாசத்தில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது, ஆனால் வீடியோக்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆபீசருக்குக் கேப்டன் பதவி 2 வருட சர்வீஸில், மேஜர் 6 வருடத்தில், லெப்டினன்ட் கர்னல் 13 வருடத்தில். இதுவரைக்கும் காலம்தான் கணக்கு. கர்னல் ஆவதற்குத் தேர்வுக் குழு உண்டு, எல்லோருக்கும் கிடைக்காது. இதில் அவர் கையில் துப்பாக்கியோடு ட்ரூப்பை நடத்திக்கொண்டு மலையில் திரிவது கேப்டனாக இருக்கும் சில வருடங்கள். மேஜராக ஒரு டீமை நடத்துவது இன்னும் கொஞ்ச காலம். அப்புறம்? படிப்பு, பரீட்சை, ஏதாவதொரு தலைமையகத்தில் மேசை வேலை, பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர், வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரி. லெப்டினன்ட் கர்னல் ஆன பிறகு கதவை உடைத்து உள்ளே போகிற முதல் ஆளாக அவர் இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. கர்னல் ஆனால் சொந்தப் பட்டாலியனே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, ஒரு நேரத்தில் ஒரு பட்டாலியனுக்கு ஒரு கர்னல்தானே. 21 பாரா எஸ்.எஃப்.பில் வளர்ந்த கர்னல் சந்தோஷ் மகாதிக் 2015 நவம்பரில் குப்வாராவில் வீரமரணம் அடைந்தபோது 41 ராஷ்டிரிய ரைஃபிள்ஸ் என்கிற வேறொரு பட்டாலியனின் தலைவராக இருந்தார்.

ஆக, சண்டைக்காகவே சிறப்புப் படைக்கு வருகிற ஆபீசருக்கு, அந்த வேலை மிகவும் பிடித்துப்போகும் நேரத்தில் அதைவிட்டு மேலே போக வேண்டிவரும். பதவி உயர்வு என்பதே அவரை அந்த ஸ்குவாடிடமிருந்து ஒவ்வொரு படியாகத் தள்ளிக்கொண்டு போகிற ஏற்பாடுதான். சிலர் அதை விரும்புகிறார்கள். நூறு பேரை வைத்து ஒரு காரியத்தைத் திட்டமிடுவது, எந்த ஆளை எங்கே வைப்பது, எதைச் செய்யாமல் விடுவது என்று யோசிப்பது அவர்களுக்குத் தனி ருசி. சிலருக்கு அது பெரிய ஏக்கமாகவே தங்கிவிடுகிறது. எந்த மாதிரி ஆள் நீ என்று பதினெட்டு வயதில் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதாவது அப்போதே தெரிய வேண்டும்.

ஜவானின் கணக்கு நேர் எதிர். வேலை ஆழமாகிக்கொண்டே போகும், பதவி மெதுவாகவே வரும். காலியிடம் இருந்தால்தான் உயர்வு. இல்லாவிட்டால் 8, 16, 24 வருடங்களில் சம்பளத்தில் மட்டும் ஒரு படி ஏற்றம். முப்பத்தைந்து வயதில் அவர் ஸ்குவாடை நடத்துகிற ஹவில்தாராக, தன் தொழிலின் உச்சத்தில் இருப்பார். விலை அவர் உடம்பு கொடுக்கும்: முழங்கால், இடுப்பு, காது. இரவில் முதுகில் முப்பது கிலோவோடு இறங்கிய மலைகள் எல்லாம் நாற்பது வயதில் வட்டியோடு திரும்பி வரும். நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று போகிறவர்கள் ஆபீசருக்கும் ஜவானுக்கும் நடுவே ஒரு தனி உலகம். இந்தப் பதவி நம் துணைக்கண்டத்து ராணுவங்களுக்கே உரியது, என் மதிப்பில் ஒரு பட்டாலியனின் முதுகெலும்பும் அதுதான்.

வெளிநாட்டிலும் கதை பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் அடிப்படைக் குழுவில் 12 பேர்: தலைவர் ஒரு கேப்டன், துணைக்கு ஒரு வாரண்ட் ஆபீசர், மீதி பத்துப் பேரும் நம் ஹவில்தார் மாதிரியான சார்ஜென்ட்கள். கேப்டன் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் மாறிப் போய்விடுவார், சார்ஜென்ட்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸில் சார்ஜென்டாக இருந்தவர்கூட உள்ளே வரும்போது பதவி இறங்கி, சாதாரண ட்ரூப்பராகத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆபீசர்கள் அங்கேயும் சில வருடங்களுக்கு வந்து போகிறவர்கள். எந்த நாட்டிலும் சிறப்புப் படையின் கைத்திறன் ஜவான்களிடம்தான் சேர்ந்து கிடக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

பணத்தையும் பேசிவிடலாம், வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். ஏழாவது ஊதியக் குழுவின்படி லெப்டினன்டின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், சிப்பாய்க்கு 21,700. ராணுவச் சேவை ஊதியம் ஆபீசருக்கு 15,500, ஜவானுக்கு 5,200. இருபத்தைந்து வருடம் சர்வீஸ் போட்ட சுபேதாருக்கும் அதே 5,200தான். படிப்பு, பொறுப்பு, தேர்வு என்று அடிப்படைச் சம்பள வித்தியாசத்துக்குக் காரணம் சொல்லலாம், நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் சிறப்புப் படைப் படி என்று தனியாக ஒன்று கொடுக்கிறார்களே, அதை அந்தக் குழு ஆபீசருக்கு 25,000, மற்றவர்களுக்கு 17,300 என்று வகுத்தது. அது ஆபத்துக்கும் கஷ்டத்துக்கும் கொடுக்கப்படும் பணம். ஒரே ஹெலிகாப்டரிலிருந்து ஒரே கயிற்றில் இறங்குகிற இரண்டு பேருக்கு ஆபத்து வேறு வேறா? இந்த ஒன்றிலாவது இரண்டு பேருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வூதியத்துக்கு ஜவானுக்குக் குறைந்தது 15 வருட சர்வீஸ், ஆபீசருக்கு 20 வருடம். கர்னலாக இருப்பவர் 54 வயது வரை இருக்கலாம். ஜவான்கள் பலர் நாற்பதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் அப்போதுதான் ஒன்பதாவது பத்தாவது படித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு வந்து ஏ.டி.எம். காவல், வங்கிக் காவல், தோட்டம் என்று இரண்டாவது வாழ்க்கையை ஆரம்பிக்க வேண்டும். இருபது வருடம் வெடிமருந்தும் ரேடியோவும் கையாண்ட ஒரு மனிதருக்கு, வங்கி வாசலில் ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூல் போட்டுக் கொடுப்பதைவிட நல்ல வேலை எதுவும் நம் மாவட்டத்தில் இல்லை என்பதை நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

இதெல்லாம் பழைய ஏற்பாட்டில் சேர்ந்தவர்கள் கதை. 2022 ஜூனில், ஜவான்களை ‘அக்னிவீர்’ என்ற பெயரில் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த பிறகு ஜவான் பக்கத்துக் கணக்கே மாறிவிட்டது. பதினேழரை வயதிலிருந்து சேரலாம், பயிற்சியும் சேர்த்து மொத்தம் நாலு வருடம். மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நாலாவது வருடம் 40,000, அதில் முப்பது சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, முடிவில் 11.71 லட்சம் கையில் கிடைக்கும். நாலு பேரில் ஒருவர் வரைக்கும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டும். சாதாரணப் படைப்பிரிவுக்கு இது நல்லதா கெட்டதா என்று ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். சிறப்புப் படைக்கு என்று வரும்போது எனக்குச் சந்தேகமே இல்லை, இது ஒத்துவராத கணக்கு. அடிப்படைப் பயிற்சி, புரொபேஷன், பாராசூட் பயிற்சி, அப்புறம் தனித்தொழில் பயிற்சி என்று முடித்து ஒருவன் ஸ்குவாடில் உருப்படியாக நிற்பதற்குள் அவன் நாலு வருடத்தில் பெரும்பகுதி போய்விடும். மேலே சொன்ன அந்தப் பத்து வருட ஆழம்தான் ஜவானின் பலமே. அதை யாருக்கெல்லாம் கொடுக்கிறோம் என்பது சிறப்புப் படையின் தலையெழுத்தையே தீர்மானிக்கும். ஆகவே அக்னிவீராகப் போய் எஸ்.எஃப். ஆக நினைக்கிற தம்பிகள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு இரண்டு வாசல் தாண்ட வேண்டியிருக்கிறது, ஒன்று புரொபேஷன், இன்னொன்று நாலாவது வருட முடிவில் வரும் தேர்வு.

ஆபீசர் வழி நம் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்பதையும் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். என்.டி.ஏ. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, வயது, பயிற்சி தொடங்கும்போது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ படித்தாலும் எழுதலாம், ஆனால் கணிதத் தாள் 300 மதிப்பெண்ணுக்கு உண்டு, பொதுத்தாள் 600. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது உண்மையான தடை, பெரிய தடை. அக்னிவீர் தேர்வை இப்போது தமிழிலும் எழுத முடிகிறது, ஆபீசர் தேர்வை முடியாது. இப்படி இருந்தால் எந்தப் பிள்ளை எந்த வரிசையில் போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இரண்டு வருடம் ஒழுங்காகத் தயாரித்தால் தாண்டக்கூடிய தடைதான் அது. எழுத்தில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்கிற ஆபீசர் தேர்வு வாரியத்தின் நேர்முகச் சோதனை, ஐந்து நாள், இன்னொரு 900 மதிப்பெண். அங்கே பகட்டான இங்கிலீஷ் யாரும் கேட்பதில்லை. ஒரு சொல்லைத் திரையில் காட்டி, அதைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். பதினைந்து நொடிக்கு ஒரு சொல், இப்படி அறுபது சொற்கள். நடிக்க நேரம் இருக்காது, உள்ளே என்ன இருக்கிறதோ அது வெளியே வந்துவிடும். அப்புறம் மைதானத்தில் ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு மரக்கட்டையைக் கொடுத்து எட்டுப் பேரைத் தடை தாண்டச் சொல்வார்கள். கோயில் கொடையில் பந்தல் போட்டு, சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்து, சண்டை போட்டுக்கொண்ட இரண்டு மாமாக்களைச் சமாதானம் பண்ணி வளர்ந்த பிள்ளைக்கு இது புதிதா என்ன? கல்லூரி முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். என்கிற ஆபீசர் தேர்வு இருக்கிறது, அதில் சென்னை பரங்கிமலையில் உள்ள ஆபீசர் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கே போகலாம். 2022 முதல் பெண் பிள்ளைகளும் என்.டி.ஏ.வில் படிக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஜவானாகச் சேர்ந்த பிறகு ஆபீசராவது. பிளஸ் டூ முடித்தவர், குறைந்தது இரண்டு வருட சர்வீஸ், 27 வயதுக்குள் இருந்தால் டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் காலேஜுக்கு முயற்சி செய்யலாம். அங்கே மூன்று வருடம் பட்டப்படிப்பு, பிறகு ஒரு வருடம் இந்திய ராணுவ அகாடமி, வெளியே வரும்போது லெப்டினன்ட். இதற்கும் எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் உண்டு, சலுகை எதுவும் கிடையாது. லங்கர் என்கிற ஜவான்களின் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நின்று சாப்பிட்டவர், சென்ட்ரியாகக் காவல் நின்றவர், பின்னால் ட்ரூப்பை நடத்தும்போது ஜவானின் களைப்பு எந்த நேரத்தில் பிடிவாதமாக மாறும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு பையன், அம்பாசமுத்திரம் பக்கம், அப்பா வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. “எனக்கு ஆளுங்களை மேய்க்கப் பிடிக்காது அண்ணாச்சி, துப்பாக்கி, வெடி, அதைக் கழட்டி மாட்டுற வேலைதான் வேணும்” என்றான். அவனுக்கு ஜவான் வழிதான் சரி, நாலு வருடத் தேர்வைப் பற்றி மட்டும் விவரமாகச் சொன்னேன். அவனோடு ஓடிக்கொண்டிருந்த இன்னொருவன் ஓட்டத்தில் இவனைவிட மெதுவு, ஆனால் பத்துப் பையன்களை வாட்ஸ்அப்பில் சேர்த்து, யார் வரவில்லை, யாருக்கு ஷூ இல்லை, யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். வயது பதினேழு. பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்கிறான். என்.டி.ஏ. என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது. வயது வரம்பு தாண்டுவதற்குள் இன்னும் எத்தனை தடவை எழுதலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், இப்போது பழைய கேள்வித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.